இலைக்கோழியின் குடும்ப வாழ்வைக் கவனிப்பது எப்படி?

தாமரையோ அல்லியோ அடர்ந்த நன்னீர்நிலைகளில், மிதக்கும் இலைகளின் மேல் நடந்தபடியே பூச்சிகளையும் சிறு நத்தைகளையும் கொத்தித் தின்னும் பறவை இலைக்கோழி. தோற்றத்தில் தாழைக்கோழியை ஒத்திருந்தாலும், உள்ளான்களும் ஆலாக்களும் அடங்கிய கரைப்பறவை வரிசையையே இது சேர்ந்தது. உலகின் வெப்பமண்டலங்களில் இக்குடும்பத்தில் 8 இனங்கள் உள்ளன. தெற்காசியாவில் காணப்படுபவை நீளவால் இலைக்கோழியும் தாமிர இறக்கை இலைக்கோழியும்தான். பட்டியலில் ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த பறவைக்குப் போய்விடுவோர்க்கு இதன் சிறப்பு எதுவும் பிடிபடாது. இனப்பெருக்கக் காலமாகிய மழைப்பருவத்தில் ஓர் ஆண் பறவையைத் தேர்ந்துகொண்டு, அதையே தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு கரையில் தாழ்வாக அமருங்கள். கையில் பைனாகுலர் இருந்தால் போதும்; இலைப்பரப்பு தொலைவில் இருந்தால் மட்டும் முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி தேவைப்படும். தாழைக்கோழியும் சில வேளைகளில் இலைமேல் ஏறும் என்பதால் முதலில் காலைப் பாருங்கள். இலைக்கோழியின் விரல்களும் நகங்களும் உடலளவுக்குப் பொருந்தாத நீளம் கொண்டவை. பின்விரல் நகம் தனியே நீண்டு தெரியும். எடை பரந்த இடத்தில் பகிரப்படுவதால் இலை அமிழ்வதற்குள் பறவை அடுத்த அடியை எடுத்து வைத்துவிடுகிறது.

இனத்தை அறிவது இனப்பெருக்கக் காலத்தில் எளிது. வெண்ணிற முகம், பொன்னிறப் பிடரி, கீழ்நோக்கி வளைந்த நீண்ட வால் ஆகியவை நீளவால் இலைக்கோழிக்கு உரியவை. கருந்தலையும் வெண்புருவக் கோடும் தாமிரப் பளபளப்புள்ள முதுகும் மற்றதற்கு உரியவை. மற்றக் காலங்களில் நீளவால் இலைக்கோழி அந்த வாலை இழந்து, அடிப்பக்கம் வெளுத்து, தாமிர இறக்கை இலைக்கோழியின் இளம் பறவைபோல் தோன்றிக் குழப்பும். அப்போது அது பறக்கும்வரை காத்திருப்பதே நல்லது. இறக்கை விரிந்ததும் பளிச்சென்று வெண்மை தெரிந்தால் ஐயமில்லை, அது நீளவால்தான்.

ஆண், பெண் வேறுபாட்டை நிறத்தில் தேட வேண்டாம், இரண்டும் ஒரே நிறம். பெண் ஆணைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை கொண்டது. இரண்டும் அருகருகே நிற்கும்போது இது தெளிவாகத் தெரியும். ஒரு பெண் தன் எல்லைக்குள் பல ஆண்களோடு இணைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு, எல்லையைக் காக்கும் வேலையில் இறங்கிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆணின் பொறுப்பு. இக்குடும்பத்தில் ஆப்பிரிக்காவின் சிறிய இலைக்கோழி மட்டும் ஒரே துணையோடு வாழ்வது.

ஆண் ஒரே இடத்துக்கு அடிக்கடி திரும்பிப் போகிறதென்றால் அங்கே கூடு உண்டு என்று கொள்ளலாம். கூடு என்பது பெயரளவுக்குத்தான்: நீர்ச்செடிகளின் தண்டுகளை இழுத்துப்போட்ட ஈரமான ஒரு மேடு, அதன்மேல் வழக்கமாக 4 முட்டைகள். தாமிர இறக்கை இலைக்கோழியின் முட்டையில் பளபளக்கும் பழுப்பின் மேல் கறுப்புக் கோடுகள் கிறுக்கியதுபோல் பின்னிக்கிடக்கும். நீளவாலின் முட்டையில் கோடுகள் இருப்பதில்லை. மேடு அமிழத் தொடங்கினால், நீளவால் ஆண் முட்டையை அலகுக்கும் மார்புக்கும் இடையே அணைத்து வேறு மேட்டுக்கு நகர்த்துவதுண்டு. இதைக் காண நல்வாய்ப்பு வேண்டும். படகில் நெருங்கிப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்: ஆண் எழுந்து போனால் முட்டைகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் திறந்து கிடக்கும், அதற்குப் பதிலாக உட்கார வேறு யாரும் இல்லை.

அடைகாப்பு ஏறக்குறைய 4 வாரம் நீடிக்கும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே நடந்து தாமாகவே இரை தேடும். பருந்து வட்டமிட்டால் அவை நீருக்குள் அமிழ்ந்து, அலகு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே குஞ்சுகள் மறைந்ததும் தொலைந்தன என்று முடிவுகட்டாமல், இலை விளிம்புகளைப் பொறுமையாகத் துழாவுங்கள். தாமிர இறக்கை ஆணிடம் இன்னொரு வழியும் உண்டு. அது குனிந்து இறக்கைகளைச் சற்றே விரிக்க, குஞ்சுகள் அடியில் நுழைந்துகொள்ளும். அவற்றை இடுக்கியபடி நிமிர்ந்து நடக்கையில், தகப்பனின் இரண்டு கால்களுக்கு மேலே சின்னஞ்சிறு கால்கள் பல தொங்குவதைப் பார்க்கலாம். பறவை திடீரெனப் பருத்து, இறக்கைகள் உடலோடு ஒட்டாமல் தெரிந்தால் கால்களை எண்ணிப் பாருங்கள்.

குறிப்பேட்டில் ஆணின் இடம், முட்டை கண்ட நாள், குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு எல்லையை ஆளும் பெண் எது என்பதையும் எழுதிவைப்பது அவசியம். அந்தப் பெண்ணைப் புதிதாக வந்த வேறொன்று விரட்டிவிட்டால், வந்தது அங்குள்ள குஞ்சுகளைக் கொல்லக்கூடும். தென்னமெரிக்க இலைக்கோழியிடம் இது பதிவாகியுள்ளது. குஞ்சுகளை இழந்த ஆண் விரைவிலேயே வந்தவளோடு இணையும். அப்படி நேர்ந்தால் குறுக்கிடாமல், அந்த ஆண் எத்தனை நாளில் புதிய மேடு கட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.