லெட்ச்வொர்த் பூங்காவில் இரண்டு நாள்: முதல்முறை நடக்கப் போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் நயாகரா போகும்போது, "வழியில் அதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவுக்குள் காரைத் திருப்புவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று அருவியையும் பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று, கிளம்பியாயிற்று. அடுத்த ஆண்டு ஒரு சனி, ஞாயிறு தங்கி நடந்தபோதுதான் அந்தப் பள்ளத்தாக்கில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதே தெரிந்தது. அந்த இரண்டாவது பயணத்தை நீங்கள் முதலிலேயே செய்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நியூ யார்க் மாநிலத்தின் மேற்கில், பஃபலோவிலிருந்தும் ரோச்செஸ்டரிலிருந்தும் சுமார் ஒரு மணி நேரக் கார் பயணம். ஜெனசீ ஆறு தெற்கிலிருந்து வடக்கே, ஒன்டாரியோ ஏரியை நோக்கி ஓடுகிறது. பூங்கா அந்த ஆற்றின் இரு கரையிலும் 17 மைல் நீளத்துக்கு ஒல்லியாகக் கிடக்கிறது. சில இடங்களில் பாறைச் சுவர் 550 அடிக்கும் மேல் நிற்கும்.

மேல் அருவி, நடு அருவி, கீழ் அருவி மூன்றும் தெற்கு முனையில்தான். பழைய கட்டடங்களும் அங்கேதான். 17 மைலையும் ஒரே மூச்சில் பார்க்க நினைத்தால் நாள் முழுக்க காரில்தான் போகும். ஆகவே முதல் நாள் முழுவதையும் தெற்கு முனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

2. முன்பதிவும் பையும்

பூங்காவுக்குள்ளேயே மரக் குடில்களும் கூடாரம் போடும் இடங்களும் உண்டு. அக்டோபர் முதல் பாதியில் இலைகள் நிறம் மாறும்போது கூட்டம் நெரியும், அதனால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் மவுண்ட் மாரிஸ், பெர்ரி ஆகிய ஊர்களில் அறை தேடலாம். குளிர்காலத்தில் பூங்காவின் உள்சாலையில் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். புதியவர்களுக்கு மே முதல் அக்டோபர் வரை சரியான காலம்.

பள்ளத்தாக்குக்குள் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், காகித வரைபடம் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச எதுவும் இல்லை. மதியம் வரை கெடாது, கரண்டி இல்லாமலும் சமாளிக்கலாம்.

காலணி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். என் அக்கா சாதாரண செருப்போடு வந்து, ஈர இலை மேல் கால் வைத்து, கணுக்கால் வீங்கி, மீதி நாளைக் காரிலேயே கழித்தார். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும்.

3. சனிக்கிழமை: மேல் அருவியிலிருந்து கீழ் அருவி வரை

காலை எட்டு மணிக்குள் மேல் அருவிப் பக்கம் காரை நிறுத்துங்கள். அருவிக்கு மேலே ஒரு ரயில் பாலம் தெரியும். முதலில் அதைப் பார்த்துவிட்டு நடக்கலாம். 1852-ல் இங்கே கட்டியது முழுக்க மரப் பாலம், 234 அடி உயரம். 1875 மே மாதம் அது எரிந்து சாம்பலானது. மூன்று மாதம் ஆவதற்குள் அதே இடத்தில் இரும்புப் பாலத்தை நிறுத்திவிட்டார்கள்! அது 140 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இப்போது நிற்கும் வளைவுப் பாலத்தில் 2017 டிசம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு ரயில் வந்தால் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

இனி முதல் எண் பாதை. ஜெனசீயின் மேற்குக் கரையை ஒட்டியே போகும் இதன் முழு நீளம் ஏழு மைல். அவ்வளவும் வேண்டாம். கீழ் அருவி வரை இரண்டு, இரண்டரை மைல் இருக்கும்; போய் அதே வழியில் திரும்பினால் முதல்முறை நடப்பவர்களுக்கு அதுவே நிறைவான நாள்.

வழியில் 107 அடி உயர நடு அருவி வரும். வெயில் நாளில் சாரலில் வானவில் தெரியும். அதற்கு மேலே நிற்கும் வெள்ளை வீடுதான் க்ளென் ஐரிஸ். வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்ற பஃபலோ வியாபாரி 1859-ல் இங்கே நிலம் வாங்கினார். அப்போது இது மரம் அறுத்து மொட்டையாகிக் கிடந்த பள்ளத்தாக்கு. வாழ்நாள் முழுக்க மரம் நட்டார். ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் பேச்சு எழுந்தபோது, தன் 1,000 ஏக்கரையும் 1906-ல் மாநிலத்துக்கே எழுதிக் கொடுக்க முன்வந்தார். நீங்கள் நிழலில் நடப்பது அவர் தயவில்.

கீழ் அருவிக்கு 127 கற்படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருப்பது நல்லது. கீழே ஆறு ஒடுங்கும் இடத்தில் ஒரு கல் பாலம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தில் கட்டியது. பாதை ஓரத்துக் கைப்பிடிச் சுவர்கள் பலவும் அவர்கள் வேலைதான். ஒரு இடத்தில் உட்கார்ந்து அந்தச் சுவரைத் தடவிப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லையும் பக்கத்துப் பாறையின் அடுக்கைப் போலவே படுக்கவைத்து அடுக்கியிருப்பார்கள்.

அந்தச் சுவரை மட்டும் தாண்டாதீர்கள். இங்கே இருப்பது ஷேல், காய்ந்த மண் அப்பளம் போல உதிரும் பாறை. விளிம்பு உறுதியாகத் தெரியும், ஆனால் அடியில் வெற்றிடமாக இருக்கலாம். பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை: மேரி ஜெமிசன்

இந்த நாளில் நடை குறைவு, நிற்பது அதிகம். க்ளென் ஐரிஸுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால், இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான செனெகா மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்த பழைய மன்ற வீடு இருக்கிறது. ஆற்றின் மேற்போக்கில் உள்ள கேனடியா என்ற ஊரில் சிதைந்துகொண்டிருந்த அதை லெட்ச்வொர்த் கட்டை கட்டையாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். 1872 அக்டோபர் 1 அன்று செனெகா, மொஹாக் என்ற இரு பூர்வகுடிகளின் வழித்தோன்றல்கள் இதற்குள் கூடி, ஜெனசீ பள்ளத்தாக்கின் கடைசி மன்றத் தீயை மூட்டினார்கள்.

பக்கத்தில், முதுகில் குழந்தையோடு நடக்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. அதன் அடியில் இருப்பவர் மேரி ஜெமிசன். 1743-ல் அயர்லாந்திலிருந்து வரும் கப்பலில் பிறந்தவர். பதின்ம வயதில் போர்க் கூட்டம் ஒன்று குடும்பத்தைக் கொன்று இவரைப் பிடித்துப் போனது. அண்ணனையோ தம்பியையோ போரில் இழந்திருந்த இரண்டு செனெகா பெண்கள் இவரைத் தங்கள் சகோதரியாக ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் வெள்ளையர்களிடம் திரும்ப வழி கிடைத்தும் இவர் போகவில்லை. பூர்வகுடித் தந்தைக்குப் பிறந்த தன் பிள்ளைகளை அங்கே மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

சிலையைப் பார்த்ததும் காரில் ஏறி வடக்கே, கார்டோ காட்சிமுனைக்குப் போங்கள். கீழே ஆறு வளையும் இடத்தில் சமவெளி தெரியும். 1779-ல் அமெரிக்கப் படை செனெகா ஊர்களையும் சோளக் கதிர்களையும் எரித்தபோது, மேரி பிள்ளைகளோடு நடந்து வந்து சேர்ந்தது அந்தச் சமவெளிக்கு. அங்கே எஜமானர்களிடமிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பின மனிதர்கள் சோளம் விளைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கதிர் உரித்துக் கொடுத்தார். உரித்த கதிர்களைச் சரமாகப் பின்னுவார்கள்; பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலி. உரிக்கும்போது அவருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்று ஒருவர் துப்பாக்கியோடு காவல் நின்றாராம். நூறு சரம் சேர்ந்தது, பிள்ளைகள் அந்தக் குளிரைத் தாண்டினார்கள். செனெகா மக்கள் தங்கள் நிலத்தை விற்ற 1797 ஒப்பந்தத்தில் அங்கே ஏறக்குறைய 18,000 ஏக்கர் அவருக்குக் கிடைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. 1833-ல் பஃபலோ பக்கத்தில் இறந்தார். 1874-ல் அவர் எலும்புகளை இந்தப் பள்ளத்தாக்குக்கே கொண்டுவந்தார்கள்.

என் மகள் அந்த முனையில் கேட்டது ஒன்றுதான்: "அம்மா, அந்தச் சோளம் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" நாங்கள் இருவரும் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. கிளம்பும் முன்

நேரம் இருந்தால் வடக்கு முனையில் மவுண்ட் மாரிஸ் அணையைப் பாருங்கள். வெள்ளம் தடுக்க மட்டும் கட்டியது என்பதால் பெரும்பாலும் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்காது. 1972-ல் ஆக்னஸ் புயல் வந்தபோது கீழே இருந்த ஊர்களைக் காப்பாற்றியது இதுதான்.

அப்புறம், காரில் ஏறுவதற்கு முன் எல்லோரும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள். இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள்.