காரைக்குடி மாணவர்களின் எலெக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட்டுக்குக் கைக்கடக்கமான சோதனைக் கருவிகள்
எடுத்த எடுப்பில் ஆஸிலாஸ்கோப் (வோல்டேஜ் மாறுவதை வரைபடமாகக் காட்டும் கருவி) வாங்காதீர்கள். கன்டினியூட்டி பீப் (இரு முனைகள் இணைந்திருந்தால் ஒலிப்பது) உள்ள மல்டிமீட்டர் முதலில். பவர் கொடுக்கும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் உண்டா என்று பாருங்கள்.

அடுத்து, 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி லாஜிக் அனலைசர் (டிஜிட்டல் சிக்னல்களைப் பதிவு செய்யும் கருவி). காசுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. பதிவைக் கணினித் திரையில் காட்டும் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். ஐ2சி (இரு கம்பிகளில் தரவு அனுப்பும் முறை) சென்சார் பேசவில்லையா? எஸ்டிஏ (தரவுக் கம்பி), எஸ்சிஎல் (கிளாக் கம்பி) இரண்டோடு கிரவுண்டையும் அனலைசரில் இணையுங்கள். கிரவுண்ட் விட்டுப்போனால் திரையில் குப்பைதான் வரும். 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி இணைப்புக்கு 2 மெகாஹெர்ட்ஸ் சாம்பிள் வேகம் தாராளம். லைன் மேலே ஏறவே இல்லையென்றால் 4.7 கிலோஓம் புல்-அப் (லைனை மேல் வோல்டேஜுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறதா என்று தேடுங்கள். சென்சார் முகவரிக்குப் பின் நாக் (NACK, ‘ஏற்கவில்லை’ என்ற குறி) வந்தால் முகவரி தப்பு, அல்லது சென்சாருக்குப் பவர் போகவில்லை.

வைஃபை தொடங்கும்போதெல்லாம் இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) ரீசெட் ஆனால் மட்டும் ஸ்கோப் தேவை. அப்போது வோல்டேஜில் வரும் நொடிநேரச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. அழகப்பா வளாகம் போல லேப் உள்ள இடத்தில் படிப்பவர்கள் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். 3.3 வோல்ட் லைனில் புரோப், 3 வோல்ட்டில் இறங்குமுக டிரிகர் (வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கும்போது பதிவு செய்யும்), சிங்கிள் மோட் (ஒருமுறை பதிவு செய்து நிற்கும்). சரிவு தெரிந்தால் அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டுப் பாருங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஸ்கோப் தேட வேண்டாம். அங்கே அழகு மட்டும்தான் கிடைக்கும்! வீட்டுக் கிணற்று மோட்டாரை ஓட்டும் புராஜெக்ட் என்றால், 230 வோல்ட் பக்கம் அனலைசரைக் கொண்டுபோகவே கூடாது. லேப்டாப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து.