ஏடிடைனி85-க்குத் தனிப் புரோகிராமர் வேண்டாம், ஆர்டுயினோ நேனோ போதும்

ஏடிடைனி85 என்பது எட்டுக் கால் கொண்ட சிறிய மைக்ரோகண்ட்ரோலர் சிப். இதை நேராக யூ.எஸ்.பி.யில் செருகி நிரல் ஏற்ற முடியாது. இடையில் ஒரு புரோகிராமர், அதாவது நிரலைச் சிப்பில் எழுதும் கருவி, வேண்டும். ஆர்டுயினோ நேனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று, பிரெட்போர்டு, ஆறு ஜம்பர் வயர், 10 மைக்ரோஃபாராட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், 0.1 மைக்ரோஃபாராட் செராமிக் கெப்பாசிட்டர் இருந்தால் அதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் நேனோவை மட்டும் கணினியில் இணைத்து, ஆர்டுயினோ மென்பொருளின் மாதிரிகளில் உள்ள 'ஆர்டுயினோஐ.எஸ்.பி.' ஸ்கெட்சை (ஆர்டுயினோ நிரலை) ஏற்றுங்கள். அதன் பிறகே 10 மைக்ரோஃபாராட் கெப்பாசிட்டரை மாட்ட வேண்டும்: பிளஸ் கால் நேனோவின் ரீசெட்டில், மைனஸ் கால் கிரவுண்டில். கணினி தொடர்பு கொள்ளும்போதெல்லாம் நேனோ ரீசெட் ஆகி, புது நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சிறு நிரலுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இது. முன்பே மாட்டினால் ஸ்கெட்சே ஏறாது.

சிப்பின் மேல் புள்ளி இருக்கும் மூலைதான் 1-ஆம் கால். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணுங்கள். நேனோவின் டி10-லிருந்து கால் 1-க்கு, டி11-லிருந்து 5-க்கு, டி12-லிருந்து 6-க்கு, டி13-லிருந்து 7-க்கு. 5 வோல்ட் 8-க்கு, கிரவுண்டு 4-க்கு. செராமிக் கெப்பாசிட்டரை 8-க்கும் 4-க்கும் நடுவே, சிப்பை ஒட்டியே வையுங்கள். சிப் சூடானால் உடனே கேபிளைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள்.

மென்பொருளில் ஏடிடைனி சிப்புகளுக்கான ஏடிடைனிகோர் தொகுப்பை நிறுவி, சிப்பையும் உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். புரோகிராமர் பட்டியலில் 'ஆர்டுயினோ ஆஸ் ஐ.எஸ்.பி.' என்பதுதான் சரி. 'ஆர்டுயினோஐ.எஸ்.பி.' என்று 'ஆஸ்' இல்லாமல் இருப்பது வேறு கருவி. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அடுத்து 'பர்ன் பூட்லோடர்' ஒருமுறை. இது ஃபியூஸ்களை, அதாவது கடிகார வேகம் போன்றவற்றைச் சிப்புக்குள் தீர்மானிக்கும் அமைப்புகளை, மாற்றுகிறது. புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். இதைத் தவிர்த்தால் ஒரு விநாடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டிய எல்.இ.டி. எட்டு விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். பிறகு 'அப்லோட் யூசிங் புரோகிராமர்' கொடுத்து உங்கள் நிரலை ஏற்றலாம்.

'நாட் இன் சிங்க்' என்று பிழை வந்தால் முதலில் ரீசெட் கெப்பாசிட்டரைப் பாருங்கள். சிப்பின் அடையாள எண் வெறும் பூஜ்யங்களாக வந்தால் டி11, டி12 வயர்கள் இடம் மாறியிருக்கலாம். வயரெல்லாம் சரி, ஆனால் பழைய சிப் என்றால் வெளிக் கிரிஸ்டலுக்கு ஃபியூஸ் வைத்திருப்பார்கள். 2, 3 கால்களில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மாட்டினால் எழுந்துவிடும்.

3.3 வோல்ட் சென்சார் இருக்கும் பலகையில் சிப்பை வைத்தபடியே புரோகிராம் செய்யாதீர்கள். 5 வோல்ட் சென்சாரைக் கெடுத்துவிடும். ரீசெட்டை முடக்கும் ஃபியூஸைத் தொடவே வேண்டாம். தொட்டால் இந்த வயரிங் அந்த சிப்புக்கு உதவாது. 12 வோல்ட் தரும் ஹை வோல்டேஜ் புரோகிராமர்தான் தேவைப்படும்.