புறாவுக்குத் தண்ணீர் டப்பா செய்யும்போது கோழியை மறந்துவிடுங்கள்

மாடியில் நாலு ஜோடி புறா வைத்திருப்பவர்கள் தண்ணீர் டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவது குறைவு. காலி பாட்டில் கிடக்கிறது, ஹேக்ஸா பிளேடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா போகிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ராயபுரம் வீட்டு மொட்டை மாடிக் கூண்டுக்கு நான் செய்த முதல் டப்பா, கோழிக்கென்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துச் செய்தது. ஒரு பிவிசி பைப், அதில் தண்ணீர் சொட்டும் நாலு சிவப்பு நிப்பிள், மேலே ஒரு கேன். பார்க்க அம்சமாக இருந்தது. புறாக்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒன்றுகூடக் குடிக்கவில்லை.

குடிக்காததற்குக் காரணம் அதன் அலகில் இருக்கிறது. கோழி ஒரு வாய் அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டைக்குள் இறக்கும். புறா அலகை மூக்குத் துவாரம் வரை தண்ணீரில் முக்கி, தலையைத் தூக்காமலே ஸ்ட்ரா போட்டதுபோல உறிஞ்சும். சொட்டுச் சொட்டாக விழும் நிப்பிளில் அதற்கு வேலையே இல்லை. இதே காரணத்தால்தான் ஆழமில்லாத தட்டும் தவறு. தண்ணீர் எப்போதும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டராவது நிற்க வேண்டும். விளிம்பை ரொம்ப உயர்த்திவிட்டால் கூட்டை விட்டு அப்போதுதான் இறங்கிய குஞ்சுக்கு எட்டாது. தட்டை ஒரு செங்கல் மேல் வைத்து, பக்கத்தில் இன்னொரு செங்கலைப் படியாகப் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் டப்பா. பாட்டிலின் அடியோரம் ஒரு ஓட்டை போட்டு, தட்டில் நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் சூத்திரம் ஒன்றுதான்: தட்டில் தண்ணீர் ஓட்டையை (கவிழ்த்த பாட்டிலானால் அதன் வாயை) மூடும் வரை ஏறும், அதற்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அதைப் பிடித்து நிறுத்தும். ஆகவே ஓட்டை தட்டின் விளிம்பைவிடக் கீழே இருக்க வேண்டும். மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். ஊசி முனை அளவு கசிவு இருந்தாலும் பாட்டில் முழுக்கக் காலியாகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நான் ஒரு மே மாதத்தில் ஏமாந்தேன். காலையில் இரண்டு லிட்டர் நிரப்பினால் மதியம் தட்டு வழிந்து, பக்கத்தில் இருந்த கம்புத் தீனியெல்லாம் ஊறிக் கிடக்கும். மூடியை மாற்றினேன், எம்-சீல் வைத்தேன், பாட்டிலையே மாற்றினேன். குற்றவாளி வெயில். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று சூடாகி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. உள்ளே ஒரு லிட்டர் காற்று இருந்து, சூடு பதினைந்து டிகிரி ஏறினால் 50 மில்லிக்குக் குறையாமல் வெளியே வரும். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று அதிகம், வழிவதும் அதிகம். சாயங்காலம் பாட்டில் குளிரும்போது தட்டில் இருப்பதைத் திரும்ப உள்ளே இழுக்கும். எச்சம் விழுந்த தண்ணீரும் சேர்ந்துதான் போகும். நிழலில் வைப்பது ஒன்றே மருந்து. கூண்டுக்குள் நிழல் கிடைக்காவிட்டால் பாட்டில்மேல் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். சாக்கு வெளிச்சத்தையும் மறைப்பதால் பச்சைப் பாசி பிடிப்பதும் குறையும்.

அளவிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய புறா ஒன்று நாளைக்கு 30 முதல் 60 மில்லி குடிக்கும். வெயிலிலும் குஞ்சுக்கு ஊட்டும்போதும் இன்னும் கூடும். எட்டுப் புறாவுக்கு அரை லிட்டர் சொச்சம். இதற்கு இருபது லிட்டர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ‘ஒரு வாரத்துக்குக் கவலையில்லை’ என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் நின்ற தண்ணீரில் கொசுப்புழு நெளியும். டெங்கு கொசுவுக்கு அந்த ஒரு வாரம் போதும். அதைவிட மோசம் கேன்கர். வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் கட்டி கட்டும் இந்த நோயின் கிருமி, ஒரே தட்டில் குடிக்கும் புறாக்களுக்குள் தண்ணீர் வழியாகவே பரவும். தினமும் மாற்றுகிற அளவுக்குச் சின்ன டப்பாதான் நல்ல டப்பா. வாய் குறுகிய பாட்டிலைத் தவிர்ப்பதும் இதனால்தான்: கை நுழையாவிட்டால் உள்சுவரில் படியும் வழுவழுப்பைத் தேய்த்து எடுக்க முடியாது. ஊறுகாய் ஜாடி மாதிரி அகல வாய் இருந்தால் தேங்காய் நார் போட்டு இரண்டு நிமிடத்தில் கழுவிவிடலாம்.

தட்டைத் திறந்தே வைத்தால் புறா அதில் குளிக்கும். குளிக்கட்டும், அதற்கென்று தனி பேசின் வையுங்கள். குடிக்கும் தட்டில் தலை மட்டும் நுழைகிற அளவுக்கு, சுமார் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பி நிறுத்துங்கள். உட்காரும் கட்டைக்கு நேர் கீழே எந்தத் தட்டையும் வைக்காதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத்தின் வரலாறும் முக்கியம். ஃபினாயில், ஆசிட், பெயின்ட் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். தண்ணீரில் வினிகர் கலக்கும் பழக்கம் உள்ளவர்கள் துத்தநாகம் பூசிய ஜிஐ தகரத்தையும் செம்பையும் தொடக் கூடாது. புளிப்பு பட்டால் துத்தநாகமும் செம்பும் கரைந்து இறங்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்த டப்பாவும் வேண்டாம். பிளாஸ்டிக்கை வெட்டிய விளிம்பைச் சூடான கரண்டிக் காம்பால் ஒரு தேய் தேய்த்தால் மழுங்கிவிடும்.

இனி தீனி டப்பா. புறா தின்னும் அழகைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அலகை இடமும் வலமும் வீசி, பிடித்ததைத் தேடும். கம்பு, சோளம், கோதுமை, பச்சைப்பயறு, பட்டாணி என்று கலந்து போட்டால் பட்டாணி முதலில் தீரும், கோதுமை தரையில் கிடக்கும். மேலிருந்து தானாக இறங்கும் டப்பாவை வாய்வரை நிரப்பி வைப்பது இந்தப் பொறுக்கலுக்கு நாமே விரிக்கும் ஜமக்காளம். தட்டு விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் உள்பக்கம் மடிந்த உதடு வையுங்கள், சிதறல் பாதியாகும். மூடியைச் சாய்வாக அமையுங்கள். தட்டையாக இருந்தால் அதில் உட்கார்ந்து எச்சம் போடும். ஒரு புறாவுக்கு நாளைக்கு 30, 35 கிராம் கணக்கு. அதை இரண்டு வேளையாகப் போட்டு, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிட்டால் தானாக இறங்கும் டப்பாவே தேவையில்லை என்பது என் கட்சி.

மிச்சத்தை ராத்திரி விட்டுவைத்தால் எலி வரும். எலி மூத்திரம் பட்ட தீனி புறாவுக்கும் ஆகாது, அள்ளிப்போடும் நமக்கும் ஆகாது. அக்டோபரில் தொடங்கும் மழைக் காலத்தில் இன்னொரு தொல்லை: பைப்பில் செய்த தீனி டப்பாவின் அடியில் தங்கிய தானியம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்தில் வரும் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் போகாது. பைப்பில் டப்பா செய்தால் அதன் அடி மூடியை (எண்ட் கேப்) பசை போட்டு ஒட்டாதீர்கள். வாரம் ஒருமுறை கழற்றித் தட்டிக் கொட்டும்படி இருக்கட்டும். தீனியை அரைக்க உதவும் கிளிஞ்சல், செங்கல் தூள் போடும் கிரிட் டப்பாவும் தண்ணீரிலிருந்து தள்ளி, நனையாத இடத்தில்.

எல்லாம் செய்து முடித்ததும் உற்சாகத்தில் பழைய டப்பாவை அன்றே தூக்கிப் போடுவதுதான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்ட தவறு. புறா புதுப் பொருளைக் கண்டால் தயங்கும். இரண்டு மூன்று நாள் இரண்டும் அருகருகே இருக்கட்டும். புது டப்பாவில் தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டுச் சாயங்காலம் பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அதன் கழுத்துக்குக் கீழே இரைப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் தாய் தகப்பன் தண்ணீர் குடித்திருக்கின்றன. வறண்டு, தானியம் தானியமாக உறுத்தினால் பழைய தட்டு இன்னும் ஒரு நாள் அங்கேயே இருக்கட்டும்.