சாட்ஸ்வொர்த் வீட்டில் கூடுதல் அறை கட்டும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையோ பூஜை அறையோ எழுப்பினாலும் டர்பன் நகராட்சியின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும். நாட்டின் 1977-ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பக்கம் திறந்த, 40 சதுர மீட்டருக்கு மேற்படாத கார் கொட்டகை சிறு வேலையில் சேரும். அதற்கு நகராட்சி முழு வரைபடம் கேட்காமலும் விடலாம், ஆனால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

முதலில் பத்திரத்தைப் புரட்டுங்கள். மனைக்குள் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறதா, அது போகும் இடத்தின்மேல் நகராட்சிக்கு வழியுரிமை (குழாய்க்காக அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை) உண்டா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் வரைந்த படம் திரும்பி வந்துவிடும், வரைந்த காசும் வீண். வரைபவர் பதிவுபெற்றவராக இருக்கட்டும். படத்தில் புதுச் செங்கல் சுவர் சிவப்பு, கான்கிரீட் பச்சை, மரம் மஞ்சள்.

சாட்ஸ்வொர்த்தின் முதல் வீடுகள் அறுபதுகளில் எழுந்தவை. 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை மாற்ற, பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுரிமை அமைப்பின் அனுமதியும் தேவை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் தொடங்காவிட்டால் அது காலாவதி.

வேலை தொடங்க 4 வேலைநாள் முன்பே நகராட்சிக்கு அறிவியுங்கள். கடைக்கால் குழி தயாரானதும் கான்கிரீட் ஊற்ற 2 நாள் முன்பு நகராட்சி ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் ஊற்ற விடாதீர்கள்: மூடிய குழியின் ஆழத்தை யாரும் அளக்க முடியாது, உடைத்துக் காட்டச் சொல்வார்கள். சாக்கடைக் குழாயையும் ஆய்வுக்கு முன் மண்ணால் மூடக்கூடாது.

வேலை முடிந்ததும், கட்டடத்தில் குடிபுகலாம் என்ற சான்றிதழை நகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை அறையில் யாரும் தங்கக்கூடாது.