மொட்டைமாடியில் தொடங்குங்கள்: பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

பறவை பார்க்க ஆசை, எங்கே போவது, என்ன வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: எங்கேயும் போக வேண்டாம், எதுவும் வாங்கவும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மொட்டைமாடி போதும். வீட்டைச் சுற்றி வரும் பத்துப் பறவைகளைத் தயங்காமல் சொல்லப் பழகிவிட்டால், லீவுக்குப் போகிற ஊரில் பதினோராவது பறவை தானாகவே கண்ணில் படும்.

1. ஒரு இடம், கால் மணி நேரம்

காலை 6 மணியிலிருந்து 8.30 வரை நல்ல நேரம். அதை விட்டால் மாலை 4.30க்கு மேல். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்; எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். காபி டம்ளரோடு உட்கார்ந்து 15 நிமிடம் நகராமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் காக்கையும் புறாவும் தவிர ஒன்றுமில்லை என்றே தோன்றும். அப்புறம் பக்கத்து வீட்டு முருங்கைப் பூவில் கட்டை விரல் அளவுக்கு ஏதோ அசையும். அது தேன்சிட்டு.

மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் வைத்தால் இன்னும் வரும். தினமும் கழுவி மாற்ற வேண்டும். இல்லையென்றால் கொசுதான் வளரும்.

2. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பறவை என்றதும் நிறத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறோம். முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து அலகு, வால். அப்புறம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. நிறம் அதற்குப் பிறகுதான்.

“கறுப்புப் பறவை” என்று மட்டும் சொன்னால் குறைந்தது நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். காக்கை தெரிந்ததே. மின்கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வால் நுனி மீன் வால் மாதிரி பிளந்திருந்தால் கரிச்சான். சட்டென்று பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். காக்கையைவிட ஒல்லி, நீள வால், சிவந்த கண் என்றால் ஆண் குயில். உடம்பு கறுப்பு, இறக்கை செங்கல் நிறம், வேலியோரம் தரையில் நடக்கிறது என்றால் செம்போத்து. பெண் குயிலோ கறுப்பே கிடையாது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அதை வேறு ஏதோ பறவை என்று நான் வெகுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.

மடையான் என்ற கொக்கு என்னை இதைவிட நன்றாக ஏமாற்றியது. வரப்பில் குந்தியிருக்கும்போது மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. நாம் நெருங்கியதும் வெள்ளை இறக்கையை விரித்து எழும்பும். நாலு வரப்பு தள்ளி இறங்கியதும் மறுபடி மண்ணாகிவிடும். என் பழைய நோட்டில் ஒரே நாளில் “பழுப்புக் கொக்கு 1, வெள்ளைக் கொக்கு 1” என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்.

3. நோட்டும் செயலியும்

தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது. இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் கோணல்மாணலாக ஒரு படம் வரைந்து வையுங்கள்.

மெர்லின் என்ற இலவசச் செயலி படத்தையோ குரலையோ வைத்துப் பெயர் சொல்லும். உதவிதான், ஆனால் அது சொன்னதை அப்படியே நோட்டில் ஏற்றாதீர்கள்; பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். மலைக்குப் போவதாக இருந்தால் வீட்டிலேயே அந்தப் பகுதிப் பறவைத் தொகுப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் கிடைக்காது. பார்த்ததைப் பதிவு செய்ய ஈபேர்ட் என்ற இணையதளம் இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு நம் மொட்டைமாடிப் பட்டியலையும் அதில் அனுப்பலாம்.

4. பைனாகுலர்

ஒரு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள். 8x42 என்று போட்டிருக்கும்: 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். நான் முதலில் 20 மடங்கு காட்டுவதாக ஒன்றை வாங்கினேன். கை லேசாக நடுங்கினாலும் மரமே ஆடியது. இப்போது அலமாரியில் இருக்கிறது.

பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடக்கூடாது. வெறுங்கண்ணால் பறவையைப் பிடியுங்கள், பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். எதிர்வீட்டுத் தென்னையின் ஒரு குறிப்பிட்ட காயைப் பார்த்துப் பழகினால் இரண்டே நாளில் கை வந்துவிடும்.

5. கூட்டை விட்டு விலகியே இருங்கள்

கூட்டருகே போய் கிளையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். காக்கை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நகர்ந்ததும் அது முட்டையையோ குஞ்சையோ எடுக்க வரும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். வேறொரு பறவை எல்லைக்குள் நுழைந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

6. லீவுக்குக் கிளம்பும்போது

பள்ளி விடுமுறை என்று மே மாதம் வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு போய், காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் கூட்டம். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் அப்போதுதான். நெல்லைப் பக்கம் பொங்கலுக்குப் போகிறவர்கள் கூந்தன்குளத்தை விடாதீர்கள். ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் பெரிய பறவைகள் கூடு கட்டும் ஊர் அது.

வழியையும் வீணாக்க வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் மின்கம்பியைப் பாருங்கள். கரிச்சான், பஞ்சுருட்டான், மீன்கொத்தி எல்லாம் அங்கேதான். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். பறந்தால்தான் இறக்கையின் நீலம் வெளியே வரும்.

மே மாதத்துக்கு மலைதான் சரி. குடும்பத்தோடு போனால் ஒரு தந்திரம்: எல்லோரும் எழுவதற்குள் ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ தங்கும் விடுதி வேலியே போதும். வீட்டுப் பக்கத்துச் சின்னானைப் பழகியிருப்பீர்கள்: கறுத்த தலை, சின்னக் கொண்டை, வாலடியில் சிவப்பு. விடுதி வேலியில் அதே அளவு, அதே சிவப்பு, ஆனால் கொண்டை மட்டும் கூராக நிமிர்ந்து, வெள்ளைக் கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டோடு ஒன்று வந்து உட்காரும். செம்மீசைச் சின்னான். நம் வீட்டுச் சின்னானின் மலைச் சொந்தக்காரர்.