கேமல் ஏன் மூக்கைத் தூக்குகிறது? முதல் உலகப்போர் சிமுலேட்டர்களில் பிட்ச், ட்ரிம் சரிசெய்யும் முறை

ரைஸ் ஆஃப் ஃப்ளைட், ஃப்ளையிங் சர்க்கஸ் போன்ற சிமுலேட்டர்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது விமானத்தின் மூக்கோடுதான். சாப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தில் முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்துவிட்டு ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் மூக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். முன்னால் தள்ளிப் பிடித்தாலோ, எதிரி குறிக்குள் வரும் நேரம் பார்த்து மேலும் கீழும் துள்ளும். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்கம்) வளைவை, அதாவது ஸ்டிக்கின் நகர்வு எவ்வளவு வெளியீடாக மாறும் என்ற கோட்டை, நடுவில் மழுங்கடிப்பது. கேமலில் அது பல சமயம் துள்ளலைக் கூட்டவே செய்யும். வளைவு மழுங்க வேண்டியது விமானம் மட்டமாகப் பறக்கும்போது ஸ்டிக் இருக்கும் இடத்தில். ஸ்பிரிங் ஓய்ந்து நிற்கும் இடத்தில் அல்ல.

வாலில் உள்ள கிடைப்பலகை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கோணம் ஒரு வேகத்துக்கும் ஒரு எடைப் பகிர்வுக்கும் மட்டுமே சமநிலை தரும். வேகம் அதைத் தாண்டினால் மூக்கு ஏறும், குறைந்தால் இறங்கும். த்ராட்டிலைத் திறந்தால் புரொப்பெல்லர் காற்று வாலின் மேல் வேகமாகப் பாய்வதும் சேர்ந்துகொள்ளும். கேமலில் நிலைமை இன்னும் மோசம். பிரதான பெட்ரோல் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், தொட்டி நிரம்பியிருக்கும்போது எடைமையம் பின்னே தள்ளிப்போய் விமானம் வால்கனமாகிவிடும். எரிபொருள் தீரத் தீரத்தான் இது தணியும். 1917-இல் இதை ஓட்டிய விமானிகளும் நிரம்பிய தொட்டியோடு ஸ்டிக்கை முன்னால் அழுத்திப் பிடித்தபடியே பறந்தார்கள். ஆக, சிமுலேட்டரில் நீங்கள் பார்ப்பது பிழையல்ல.

காக்பிட்டிலிருந்து ட்ரிம் செய்யும், அதாவது ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கைச் சமநிலையில் வைக்கும் வசதி எல்லா விமானத்திலும் இல்லை. எஸ்.இ.5ஏ, பிரிஸ்டல் ஃபைட்டர், சாப்வித் டால்ஃபின், ஸ்னைப் ஆகியவற்றில் கிடைப்பலகையின் கோணத்தையே பறக்கும்போது மாற்றலாம். கேமல், நியூபோர்ட் 17, ஸ்பாட் 13, ஃபோக்கர் டி.7 ஆகியவற்றில் அது கிடையாது. இவற்றுக்கு உங்கள் ஜாய்ஸ்டிக்கில்தான் வேலை செய்தாக வேண்டும்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். விளையாட்டில் பிட்ச் வளைவை நேர்கோடாக்கி, டெட் ஸோனை (ஸ்டிக் அசைந்தாலும் எதுவும் பதிவாகாத நடுப்பகுதி) பூஜ்யமாக்குங்கள். காற்றும் குலுக்கலும் இல்லாத வானிலை, 1000 மீட்டர் உயரம், 50% எரிபொருள். போரில் வழக்கமாக வைக்கும் த்ராட்டிலில் மட்டமாகப் பறந்து, வேகம் நிலைத்த பிறகு ஒரு நிமிடம் மூக்கைத் தொடுவானத்தில் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் ஸ்டிக் நடுவிலிருந்து எத்தனை சதவீதம் முன்னால் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக் கிரெம்லின் என்ற இலவச நிரலில் அச்சின் மதிப்பை அப்படியே பார்க்கலாம். 100%, 25% எரிபொருளோடும் இதையே செய்தால் உங்கள் விமானம் எவ்வளவு தூரம் மாறுகிறது என்பது கையில் இருக்கும். கேமல் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பறக்கக்கூடியது. விரைவுச் சண்டைகளுக்கு 40% எரிபொருளே தாராளம். வால்கனத்தில் கணிசமான பகுதி அதிலேயே குறைந்துவிடும்.

அளவு முன் 25% என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நடுவில் மழுங்கிய வழக்கமான வளைவு ஒன்றை எடுப்போம்: வெளியீடு = 0.4 × உள்ளீடு + 0.6 × உள்ளீடு³ (உள்ளீடு என்பது ஸ்டிக்கின் நகர்வு, 0 முதல் 1 வரை). நடுவில் இதன் சரிவு (ஸ்டிக்கின் சிறு நகர்வுக்கு வெளியீடு மாறும் விகிதம்) 0.4, அதாவது நல்ல மென்மை. ஆனால் 25% வெளியீடு கிடைக்க ஸ்டிக்கை 47% முன்னால் தள்ள வேண்டும், அந்த இடத்தில் சரிவு 0.8. நீங்கள் குறிபார்க்கும் இடத்தில் கை நடுக்கம் நடுவில் இருப்பதைப் போல இரு மடங்கு பெரிதாகிறது. போதாததற்கு ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு வேறு மல்லுக்கட்ட வேண்டும். துள்ளல் இங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே வளைவின் நடுப்புள்ளியை நகர்த்துங்கள். முன் 25%-க்கு நல்ல தொடக்கம் இது: ஸ்டிக் முழுக்க முன்னால் என்றால் வெளியீடு முன் 100; பாதி முன்னால் என்றால் முன் 55; நடுவில் என்றால் முன் 25; பாதி பின்னால் என்றால் பின் 10; முழுக்கப் பின்னால் என்றால் பின் 100. குறிபார்க்கும் பகுதியில் சரிவு 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் அடங்கும். கடைசிப் பாதி பின்னிழுப்பு மட்டும் செங்குத்தாக, 1.8 வரை போகும். இதைத் தவிர்க்க முடியாது. இறுக்கமான திருப்பத்தில் கடைசி அங்குலத்தை மெதுவாகவே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது).

ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி வளைவு வைக்க விளையாட்டே விட்டால் அங்கேயே முடித்துவிடலாம். விடாவிட்டால் வி-ஜாய் என்ற நிரல் மூலம் ஒரு மெய்நிகர் ஜாய்ஸ்டிக்கை உருவாக்கி, கிரெம்லினில் இந்த வளைவைப் போட்டு, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். அசல் ஜாய்ஸ்டிக்கை ஹிட்ஹைட் என்ற நிரல் கொண்டு விளையாட்டின் கண்ணிலிருந்து மறைக்க மறக்காதீர்கள். மறந்தால் இரண்டு சாதனங்களும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) ஒரே நேரத்தில் இழுக்கும், மூக்கு காரணமே இல்லாமல் குதிக்கும்.

மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் நடுப்புள்ளியைக் கடக்கும்போது ஒரு சின்னத் தடங்கல் இருக்கும். அப்படியானால் அளந்ததைவிட 4 அல்லது 5% அதிகமாக முன்னால் நகர்த்துங்கள். சண்டையில் எப்போதும் லேசாகப் பின்னிழுத்தபடி இருப்பீர்கள், கை நடுவைத் தாண்டி முன்னும் பின்னும் ஆடாது. எங்கள் கணிப்பில் குறி நிலைப்பதற்கு வளைவின் வடிவத்தைவிட இதுவே அதிகம் உதவும். பிட்ச் அச்சில் டெட் ஸோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நகர்த்திய வளைவுக்கு ஒரு விலை உண்டு. தரையில் நிற்கும்போதும் எலிவேட்டர் 25% கீழிறங்கியே இருக்கும். டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டும்போது) ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் பிடியுங்கள், இல்லாவிட்டால் வால் லேசாகிப் பக்கவாட்டில் சுழலும். புறப்படும்போது வால் தானே எழட்டும். ரோட்டரி எஞ்சின் (எஞ்சினே சுழலும் வகை) விமானத்தில் வாலைச் சட்டென்று தூக்கினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். தரையிறங்க எஞ்சினை வெட்டும்போது வாலின் மேல் பாயும் காற்று குறைந்து மூக்கு இறங்கும். அதற்கு முன்பே கை பின்னிழுக்கத் தயாராக இருக்கட்டும்.

ரோட்டரியின் சுழற்சியை ட்ரிம் பிரச்சினை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். கேமலின் எஞ்சின் முழுவதும் புரொப்பெல்லரோடு சேர்ந்து, விமானியின் பார்வையில் கடிகாரச் சுற்றாகச் சுழல்கிறது. வலது திருப்பத்தில் மூக்கு இறங்கும், இடது திருப்பத்தில் ஏறும். ஸ்டிக்கை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மூக்கு வலப்பக்கம் நழுவும் என்பதால் இரு பக்கத் திருப்பத்துக்கும் இடது ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடிப்பு) தேவைப்படும். இதை எந்த வளைவும் தீர்க்காது. உங்களுக்குச் சோதனை வேண்டுமா? ஃபோக்கர் டி.7-இல் அதே திருப்பங்களைச் செய்து பாருங்கள். அதன் எஞ்சின் அசையாமல் நிற்பது. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

எஸ்.இ.5ஏ-வில் இந்த வளைவு வேலை எதுவும் தேவையில்லை. கிடைப்பலகைக் கட்டுப்பாட்டை ஒரு ஸ்லைடரிலோ இரண்டு பட்டன்களிலோ வையுங்கள். ஏறும்போது கை லேசாகும்வரை திருப்புங்கள். சண்டைக்கு முன் சற்று மூக்குக்கனமாக வையுங்கள், ஆழமாகப் பாய இன்னும் கொஞ்சம். பாய்ச்சலிலிருந்து மீளும்போது அந்தக் கூடுதல் மூக்குக்கனத்தை ஸ்டிக்காலேயே ஈடுகட்டுங்கள். பாய்ச்சலின் நடுவே ட்ரிம்மைத் திருப்பி மூக்கைத் தூக்கினால் விசை எதிர்பாராத நொடியில் சேரும். கீழிறக்கையில் அதைத் தாங்கும் ஒற்றைத் தண்டு மட்டுமே உள்ள நியூபோர்ட் 17, ஆல்பட்ராஸ் டி.5ஏ போன்றவற்றில் பாய்ச்சலையே சுருக்கிக்கொள்ளுங்கள்: அதிவேகத்தில் கீழிறக்கை முறுக்கிக்கொள்ளும், பிட்ச் எவ்வளவு சரியாக இருந்தாலும் சடாரென்று இழுத்தால் உடைந்துவிடும்.